எஞ்சினை இங்கேயா வைப்பார்கள்? விசித்திர ஜெட் விமானங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிலையத்தில் வரிசையாக நிற்கும் பெரிய ஜெட்களைப் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வயிற்றை ஒட்டி இறக்கை, இறக்கைக்குக் கீழே பக்கத்துக்கு ஒரு எஞ்சின். ஆனால் கடந்த எழுபது எண்பது வருடங்களில் எஞ்சினை இறக்கைக்குள் புதைத்திருக்கிறார்கள், வாலில் மாட்டியிருக்கிறார்கள், இறக்கையின் தலைமேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். இறக்கையையே முன்பக்கமாகச் சாய்த்தும் பார்த்திருக்கிறார்கள். என் அனுபவத்தில், எஞ்சின் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே அதை வரைந்தவர் எதற்குப் பயந்தார் என்று பாதி தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

இப்போதைய பயணிகள் ஜெட் எல்லாம் ஏன் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன?

அந்த அச்சு ஒரு குண்டுவீச்சு விமானத்திலிருந்து வந்தது. 1947 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவில் போயிங் பி-47 முதன்முறையாகப் பறந்தது. பின்நோக்கிச் சாய்ந்த ஒல்லி இறக்கை, அதற்குக் கீழே கொஞ்சம் முன்னால் தள்ளி, 'பைலன்' என்ற தாங்குகையில் தொங்கும் எஞ்சின்கள். அதே ஏற்பாடு போயிங் 707க்கு வந்து, அங்கிருந்து ஊரெல்லாம் பரவியது.

தொங்கவிடுவதில் சூட்சுமம் நிறைய இருக்கிறது. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே வளைக்கப் பார்க்கும். எஞ்சினின் எடை அங்கேயே கீழே இழுப்பதால், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விழும் பாரம் குறைகிறது. இறக்கையை லேசாகக் கட்டலாம். எஞ்சின் முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் இறக்கை கொடித்துணி மாதிரி படபடக்கும் ஆபத்தும் குறைகிறது. தீப்பிடித்தால் எரிபொருள் தொட்டிக்கும் நெருப்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும். மெக்கானிக் ஒரு சின்ன ஏணி போட்டு மூடியைத் திறந்தால் வேலை பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. ஒரு பக்க எஞ்சின் நின்றுபோனால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதைச் சமாளிக்கப் பெரிய செங்குத்து வால் வேண்டும். எஞ்சின் தரையில் இடிக்காமலிருக்கச் சக்கரக்கால் உயரமாக வேண்டும். ஓடுதளத்தில் கிடக்கும் கல்லையும் குப்பையையும் எஞ்சின் உறிஞ்சலாம்.

எஞ்சின் கழன்று விழுந்துவிடாதா?

அபூர்வமாக விழுந்திருக்கிறது. பைலனை இறக்கையோடு பிணைக்கும் ஊசிகளில் சில, அளவுக்கு மீறிய விசை வந்தால் முறிந்துபோகட்டும் என்றே செய்யப்பட்டவை. எஞ்சின் போனாலும் பரவாயில்லை, அது இறக்கைத் தொட்டியைப் பிய்த்துக்கொண்டு போகக்கூடாது என்ற கணக்கு. ஆனால் 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் எல் அல் நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்தில் பைலன் ஊசி உலோகச் சோர்வால், அதாவது திரும்பத் திரும்ப விழுந்த விசையில் மெல்ல விரிசல் விட்டு, முறிந்தது. கழன்ற எஞ்சின் பக்கத்து எஞ்சினையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பில் விழுந்தது.

முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டில் எஞ்சினே தெரியவில்லையே?

இறக்கைக்குள் இருக்கிறது. பிரிட்டனின் டி ஹாவிலண்ட் காமெட் 1949 ஜூலை 27இல் முதலில் பறந்து, 1952 மே 2இல் சேவைக்கு வந்தது. நான்கு எஞ்சின்களையும் இறக்கையின் அடிப்பகுதியில், உடலை ஒட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். காற்றுக்குக் குறுக்கே எதுவும் துருத்தவில்லை. எல்லா எஞ்சினும் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஒன்று நின்றாலும் விமானம் அதிகம் திரும்பாது. பார்க்கவும் என்ன அழகு! அந்தக் காலத்து ஜெட்களில் எனக்குப் பிடித்த முகம் காமெட்டுடையதுதான். சோவியத்தின் டுபோலெவ் டியூ-104ம் 1955இல் இதே வழியில், உடலை ஒட்டி இரண்டு எஞ்சின்களோடு பறந்தது.

உள்ளே வைத்ததற்கு விலை இருந்தது. இறக்கையின் முதுகெலும்பான குறுக்கு உத்தரம் எஞ்சினைச் சுற்றி வளைந்து போக வேண்டும். எஞ்சின் உடைந்து சிதறினாலும் எரிந்தாலும் பக்கத்திலேயே எரிபொருளும் பயணிகளும். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, எஞ்சின் பருத்துக்கொண்டே போன காலத்தில் அந்தக் குழிக்குள் அகலமான எஞ்சின் எதுவும் நுழையாது. காமெட்டின் வாரிசான நிம்ராட் ராணுவ விமானத்தைப் புது எஞ்சினோடு மறுபிறவி எடுக்க வைக்க முயன்றபோது புதிய இறக்கையே செய்ய வேண்டியதாயிற்று. செலவு எகிறி, 2010இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

1954இல் இத்தாலிக் கடலில் இரண்டு காமெட்கள் விழுந்ததற்கும் எஞ்சின் இருந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே கிழிந்தது உடலின் உலோகத்தகடு.

எஞ்சினை வாலுக்குக் கொண்டுபோகும் யோசனை யாருடையது?

பயணிகள் ஜெட்டில் அதை வெற்றிகரமாகச் செய்து காட்டியது பிரெஞ்சுக்காரர்கள். 1955 மே 27 அன்று பறந்த கரவெல்லில் இரண்டு எஞ்சின்களும் உடலின் பின்பக்க விலாவில் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், மூக்கையும் விமானி அறையையும் காமெட்டிலிருந்தே வாங்கிக்கொண்டார்கள்.

இறக்கையில் எதுவும் இல்லாததால் அதன் முழு நீளமும் தூக்குவிசைக்கே பயன்பட்டது. சத்தம் பின்னால் போய்விட்டதால் முன் இருக்கைக்காரர்களுக்குச் சுகம். சக்கரக்கால் குட்டையாக இருக்கலாம். ஏறி இறங்க வாலடியிலேயே படிக்கட்டு வைக்கலாம். பிரிட்டனின் விசி-10 நான்கு எஞ்சினையும் வாலில் மாட்டியது. நைரோபி, ஜோகன்னஸ்பர்க் போன்ற உயரமான, வெப்பமான இடங்களில் மெலிந்த காற்றில் எழும்ப வேண்டும், அதற்குச் சுத்தமான இறக்கை வேண்டும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த ஊர்கள் ஓடுதளத்தை நீட்டியதும் 707ம் அங்கே வந்து இறங்கியது. விசி-10இல் மொத்தம் 54தான் கட்டினார்கள். கையில் இருந்தவற்றைப் பிரிட்டிஷ் விமானப்படை 2013 வரை ஓட்டியது.

நம் பக்கமும் இவை பறந்திருக்கின்றன. இந்தியன் ஏர்லைன்ஸ் 1964 முதல் கரவெல் ஓட்டியது. இலங்கையின் ஏர் சிலோனிடம் மூன்று எஞ்சின் கொண்ட ஒரு டிரைடென்ட் இருந்தது.

வாலில் இவ்வளவு வசதி இருந்தால் ஏன் விட்டுவிட்டார்கள்?

முதலில் எடை. கனமான சாமானை வாலில் வைத்தால் உடலின் பின்பகுதியைப் பலமாகக் கட்ட வேண்டும். இறக்கையில் எஞ்சின் தொங்காததால், முன்பு சொன்ன எடைக் குறைப்பு லாபமும் போய்விடும். எரிபொருள் இறக்கையில், எஞ்சின் வாலில் என்பதால் குழாய் உடலுக்குள் போக வேண்டும்.

எடை நடுப்புள்ளியும் பின்னால் போகும். சோவியத்தின் இல்யூஷின் இல்-62 இதற்கு நல்ல உதாரணம். நான்கு எஞ்சின் வாலில். ஆளும் சாமானும் இல்லாமல் காலியாக நின்றால் பாரம் முழுக்கப் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால். அப்படியே விட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். அதனால் வாலடியில் சின்னச் சக்கரம் வைத்த ஒரு முட்டுக்கட்டை! நிறுத்தியதும் இறக்கிவிட வேண்டும், கிளம்பும்போது மடக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த விமானத்தின் மீது தனிப் பிரியம்.

உயிருக்கே வந்த சிக்கல் வேறு. எஞ்சின்கள் வாலடியை அடைத்துக்கொண்டதால் கிடைவாலைச் செங்குத்து வாலின் உச்சிக்குத் தூக்கினார்கள். விமானம் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் இறக்கையிலிருந்து கலைந்து வரும் காற்று நேராக அந்த உச்சி வாலைப் போர்த்திவிடும். விமானி கட்டுப்பாட்டுக் கம்பியை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் மூக்கு இறங்காது. விமானம் தட்டையாக அப்படியே கீழே இறங்கும். இதற்கு 'ஆழ் ஸ்டால்' என்று பெயர். 1963 அக்டோபர் 22 அன்று, வாலில் எஞ்சின் வைத்த பிரிட்டிஷ் பயணிகள் ஜெட்டான பிஏசி 1-11இன் முதல் விமானம் சோதனைப் பறப்பில் இப்படித்தான் விழுந்தது. இருந்த 7 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு, ஆபத்து நெருங்கினால் தானாகவே கம்பியை முன்னால் தள்ளும் கருவி வந்தது. 1972 ஜூன் 18இல் லண்டனுக்கு அருகே ஸ்டெய்ன்ஸில் ஒரு டிரைடென்ட் இதே வகையில் விழுந்து 118 பேர் இறந்தார்கள். அந்தக் கருவி எச்சரித்துத் தள்ளியது; ஆனால் விமானி அறையில் அதை அணைத்துவிட்டார்கள்.

அப்புறம், இறக்கைக்குப் பின்னால் உள்ள எஞ்சின், இறக்கையிலிருந்து கழல்வதையெல்லாம் விழுங்கும். 1991 டிசம்பர் 27 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-81இல், இறக்கைமேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்த கண்ணாடிப் பனி உடைந்து இரண்டு எஞ்சினுக்குள்ளும் போனது. இரண்டும் செத்தன. விமானி ஒரு வயலில் இறக்கினார், விமானம் மூன்று துண்டானது, ஆனால் இருந்த 129 பேரும் பிழைத்தார்கள்.

எல்லாரும் அப்படிப் பிழைக்கவில்லை. 1976 அக்டோபர் 12இல் பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் கரவெல்லில் வலது எஞ்சினின் சுழல்தட்டு உலோகச் சோர்வால் உடைந்தது. எரிபொருள் குழாய் அறுந்து தீப்பிடித்தது. அவசரமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கும்போதே கட்டுப்பாடு போய்விட்டது. ஓடுதளத்தைத் தொடும் முன்பே விழுந்தது. 95 பேர் இறந்தார்கள். வாலைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளுக்குப் பக்கத்தில் எஞ்சின் இருப்பதன் ஆபத்து இது.

ஆனாலும் சின்ன ஜெட்கள் இதை விடவில்லை. தனியார் ஜெட்டில் இறக்கை தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கும். அதன் கீழே எஞ்சினைத் தொங்கவிட இடம் எங்கே?

மூன்று எஞ்சின் எதற்கு? மூன்றாவதை எங்கே வைப்பார்கள்?

அந்தக் காலத்து அமெரிக்க விதிப்படி, இரண்டு எஞ்சின் விமானம் பக்கத்து விமான நிலையத்திலிருந்து 60 நிமிடத்துக்கு மேல் விலகக்கூடாது. கடல் தாண்ட மூன்று வேண்டும், நான்கு என்றால் செலவு. மூன்றாவது நடுவில்தான் வர முடியும். போயிங் 727லும் லாக்ஹீட் எல்-1011லும் காற்று செங்குத்து வாலின் அடியில் நுழைந்து, நெளிந்த குழாய் வழியாக இறங்கி, வால்நுனியில் உள்ள எஞ்சினுக்குப் போகும். டிசி-10இல் அந்த நெளிவு வேண்டாமென்று எஞ்சினையே மேலே தூக்கி, காற்று நேராகப் போகும்படி செய்தார்கள். 1989 ஜூலை 19இல் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10இல் அந்த வால் எஞ்சினின் முன்விசிறித் தட்டு வெடித்தபோது வாலையும் இறக்கைப் பலகைகளையும் எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒரே அடியில் அறுந்தன. விமானிகள் மற்ற இரண்டு எஞ்சின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தது அதிசயம்தான்.

727இன் வாலடிப் படிக்கட்டுக்கு இன்னொரு கதை உண்டு. 1971 நவம்பரில் டான் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் வாங்கிய ஒருவன் விமானத்தைக் கடத்தி, பணத்தை வாங்கிக்கொண்டு, பறக்கும்போதே அந்தப் படியைத் திறந்து குதித்தான். ஆள் அகப்படவே இல்லை. பிறகு பறக்கும்போது படி திறக்காதபடி ஒரு சின்னத் தாழ்ப்பாள் வந்தது.

இறக்கைக்கு மேல் எஞ்சின் வைத்த ஜெர்மன் விமானம் உண்மையா?

உண்மை. பிரேமனில் உருவாகி 1971 ஜூலை 14இல் பறந்த விஎஃப்டபிள்யூ 614. நாற்பது பேர் சுமாருக்கு உட்காரக்கூடிய சின்ன ஜெட். இரண்டு எஞ்சினும் இறக்கையின் மேல், பின்விளிம்பை ஒட்டி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் காரணம் தெளிவு. சின்ன ஊர்களின் கரடுமுரடான ஓடுதளங்களில் கல் உறிஞ்சப்படக்கூடாது. சக்கரக்கால் குட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். வால் எஞ்சினின் எடைத் தொல்லை வேண்டாம். இறக்கையே நடுவில் தடுப்பாக இருப்பதால் கீழே உள்ளவர்களுக்குச் சத்தமும் குறைவு.

சரி, ஏன் எல்லாரும் இதைச் செய்யவில்லை? இறக்கையின் மேற்பரப்பில்தான் காற்று வேகமாக ஓடுகிறது. தூக்குவிசையில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. அந்த இடத்தில் ஒரு பீப்பாயை வைத்தால் ஓட்டம் கெடும், வேகம் கூடும்போது அதிர்வலைகள் தோன்றி இழுவை ஏறும். 614 அதிவேக விமானம் இல்லை என்பதால் தப்பித்தது. எஞ்சினைக் கழற்றி மாட்ட மெக்கானிக் இறக்கைமேல் ஏற வேண்டும் என்பதும் உண்டு.

ஆனால் அது தோற்றதற்குக் காரணம் அந்த இடம் இல்லை. எஞ்சினைச் செய்துகொண்டிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் 1971 பிப்ரவரியில், விமானம் பறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு, திவாலானது. முதல் விமானம் 1972இல் விழுந்தது. வாங்க ஆள் வரவில்லை. 19 விமானங்களோடு 1977இல் கடையைச் சாத்தினார்கள். அவற்றில் ஒன்றை ஜெர்மன் விண்வெளி மையம் ஆய்வுக்காக 2012 வரை பறக்கவிட்டது.

ஹோண்டாஜெட்டும் இதே யோசனைதானே?

ஆமாம், கணினி வந்த பிறகு செய்த கணக்கோடு. இந்தச் சின்னத் தனியார் ஜெட்டை வரைந்த ஹோண்டாவின் மிச்சிமாசா ஃபுஜினோ, இறக்கைக்கு மேலே எஞ்சினை எங்கே வைத்தால் அதிர்வலை குறையும் என்று தேடி, இழுவை கூடுவதற்குப் பதில் குறையும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தார். 2003இல் முதல் பறப்பு, 2015இல் அமெரிக்க அனுமதி. எஞ்சின் உடலில் ஒட்டாததால் உள்ளே இடம் கூடுதல்.

சோவியத்தின் ஆன்டனோவ் ஆன்-72லும் எஞ்சின் மேலேதான். அதுவும் இதே வகையா?

இல்லை, அங்கே புகையையே வேலை வாங்குகிறார்கள். குழாயில் ஒழுகும் தண்ணீரில் ஒரு கரண்டியின் முதுகை லேசாக ஒட்டிப் பாருங்கள். தண்ணீர் நேராக விழாமல் கரண்டியின் வளைவோடு ஒட்டிக்கொண்டு திரும்பும். ஜெட்டின் வெளிக்காற்றும் அப்படித்தான். ஆன்-72இல் எஞ்சின் இறக்கையின் மேல், முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது. வெளிக்காற்று இறக்கையின் முதுகில் படர்ந்து, கீழே மடக்கிய பின்விளிம்புப் பலகையோடு ஒட்டித் தரையை நோக்கித் திரும்புகிறது. உந்துவிசையே தூக்குவிசையாகிறது, குட்டை ஓடுதளமே போதும். இரண்டு பக்கமும் புடைத்த எஞ்சினைப் பார்த்த ரஷ்யர்கள், பெரிய காதுள்ள ஒரு பொம்மைப் பாத்திரத்தின் பெயரையே இதற்குப் பட்டப்பெயராக வைத்தார்கள்.

1976இல் போயிங் ஒய்சி-14ம் இதையே செய்தது. அமெரிக்க விமானப்படை வாங்கவில்லை. அதன் போட்டியாளரான ஒய்சி-15 எஞ்சினைக் கீழேயே வைத்து, வெளிக்காற்றை மடக்கிய பலகைகளின் மேல் மோதவிட்டது. அந்த வழி பின்னாளில் சி-17 சரக்கு விமானத்துக்குப் போனது. இந்திய விமானப்படையிடம் உள்ள சி-17களிலும் அதே உத்திதான்.

இறக்கையை உடலுக்கு மேலே வைத்தால் என்ன?

சரக்கு விமானத்துக்கு அதுதான் இயல்பு. தளம் தரைக்கு அருகில் வரும். லாரியையும் டாங்கியையும் நேரே ஓட்டி ஏற்றலாம். நம் விமானப்படை 'கஜராஜ்' என்று அழைக்கும் இல்-76 இப்படிப்பட்டது.

பயணிகளுக்கு இதைச் செய்தது 1981இல் பறந்த பிரிட்டனின் பிஏஇ 146. மேலே இறக்கை, கீழே நான்கு குட்டி எஞ்சின். விமானிகள் அதை நாலு சின்ன ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு பறக்கிறது என்று கிண்டலடித்தார்கள். ஆனால் சத்தம் குறைவு. லண்டன் சிட்டி விமான நிலையத்தில் வழக்கமான 3 டிகிரிக்குப் பதில் 5.5 டிகிரி சரிவில் இறங்க வேண்டும். வாலில் இரண்டு பக்கமும் விரியும் வேகத்தடையோடு அது அங்கே சுலபமாக இறங்கியது.

இறக்கையை முன்னால் சாய்த்தது யார்? ஏன்?

ஹான்ஸ் வோக்கே என்ற ஜெர்மன் பொறியாளர், இரண்டு முறை. முதலில் 1944இல் ஜுங்கர்ஸ் 287 குண்டுவீச்சு விமானம். பிறகு 1964இல் ஹாம்பர்க்கில் எச்எஃப்பி 320 ஹன்ஸா ஜெட், ஒரு தனியார் பயண விமானம்.

ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கை சாய்ந்திருந்தால் இழுவை குறையும். முன்னால் சாய்ந்தாலும் பின்னால் சாய்ந்தாலும் அந்தப் பலன் கிடைக்கும். ஹன்ஸாவில் லாபம் இன்னொன்று. சின்ன விமானத்தில் இறக்கையின் உத்தரம் பயணிகள் அறைக்குள் குறுக்கே ஓடித் தொந்தரவு செய்யும். முன்னால் சாய்த்தால் இறக்கை உடலோடு சேரும் இடம் பின்னால் போய்விடும். உத்தரம் அறைக்குப் பின்னால் ஓடும்.

தொல்லை இது: பின்சாய்ந்த இறக்கை மேலே வளைந்தால் நுனியின் கோணம் குறையும், பாரம் தானாகத் தணியும். முன்சாய்ந்தது வளைந்தால் நுனியின் கோணம் கூடும். கோணம் கூடினால் தூக்குவிசை கூடும். கூடினால் இன்னும் வளையும். வேகம் எல்லை தாண்டினால் பிய்த்துக்கொண்டு போய்விடும். தடுக்க இறக்கையை விறைப்பாக, கனமாகக் கட்ட வேண்டும். ஹன்ஸா 47தான் கட்டப்பட்டது.

737 மேக்ஸ் விபத்துகளுக்கு எஞ்சின் இருந்த இடம்தான் காரணமா?

தொடக்கம் அங்கேதான், முடிவு அங்கே இல்லை. 1967இல் பறந்த முதல் 737க்கு ஒல்லியான எஞ்சின். இறக்கையோடு ஒட்டிவிட்டு, சக்கரக்காலைக் குட்டையாக வைத்தார்கள். ஏற்றி இறக்க வசதி. 1984இல் பருமனான எஞ்சின் வந்தபோது அதன் வாய் தரையில் இடிக்கும் நிலை. எஞ்சினின் அடியில் இருந்த உதிரிச் சாமான்களைப் பக்கவாட்டுக்கு மாற்றி, வாயின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கினார்கள். அடுத்த முறை 737இல் உட்காருமுன் பாருங்கள். முகம் சப்பையாக இருக்கும்.

மேக்ஸில் எஞ்சின் இன்னும் பெரிது. முன்சக்கரக்காலைச் சுமார் 20 செ.மீ. நீட்டி, எஞ்சினை முன்னாலும் மேலாகவும் தள்ளினார்கள். மூக்கு அதிகம் உயர்ந்த நிலையில் அந்த எஞ்சினின் வெளி உறையே கொஞ்சம் தூக்குவிசை தந்து, மூக்கை மேலும் உயர்த்தப் பார்க்கும். இதைச் சரிக்கட்ட எம்காஸ் என்ற மென்பொருளை வைத்தார்கள். அது ஒரே ஒரு உணரியை நம்பியது. அந்த உணரி பொய் சொன்னால் மூக்கை மறுபடி மறுபடி கீழே அமுக்கும். விமானிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதைச் சரியாகச் சொல்லவும் இல்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்களில் 346 பேர் இறந்தார்கள். எஞ்சினை அங்கே வைத்தது ஒரு சமரசம். அதை மூடி மறைத்த விதம்தான் மன்னிக்க முடியாதது என்பது என் கருத்து.

இனி வரும் விமானங்கள் எப்படி இருக்கும்?

எஞ்சின் இன்னும் அகலமாகிறது. வெளி உறையே இல்லாத திறந்த விசிறி எஞ்சினை 2021இல் சிஎஃப்எம் நிறுவனம் அறிவித்தது. அதைக் கீழ் இறக்கைக்கு அடியில் நுழைப்பது பெரும் பாடு. உயர இறக்கையோ வாலோ மறுபடி பேச்சுக்கு வருவது அதனால்தான். உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த, முதுகில் எஞ்சின் வைத்த விமானத்தை ஜெட்ஸீரோ என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கி வருகிறது. எரிபொருள் மிச்சமாகும், எஞ்சின் சத்தம் மேல்நோக்கிப் போகும். ஆனால் நடுக்கோட்டிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தவருக்கு, விமானம் சாய்ந்து திரும்பும்போதெல்லாம் ராட்டினத்தில் இருப்பது போல இருக்கும். ஜன்னலும் குறைவு. எல்லாரையும் 90 விநாடிக்குள் வெளியேற்றிக் காட்ட வேண்டும் என்ற விதியையும் அதே உடல் வடிவத்தில் நிறைவேற்ற வேண்டும்.

கடைசியாக, நான் எங்கே உட்கார்ந்தால் நல்லது?

எஞ்சின் இறக்கைக்குக் கீழே என்றால், அதற்கு முன்வரிசைகளில் சத்தம் குறைவு. வாலில் என்றால் கடைசி மூன்று நான்கு வரிசைகளைத் தவிருங்கள். ஜன்னல் என்று சீட்டில் போட்டிருக்கும், வெளியே பார்த்தால் எஞ்சினின் தகரம்தான் தெரியும்.